ஒரு சாண் கனம்

(புளியங்குடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சித்திரை விசுவன்று காலையில் கனி காண்கிறோம். அதே நாளில் பகல் 12 மணி 20 நிமிட வாக்கில் இன்னொன்றையும் பார்க்கலாம். வெட்டவெளியில் ஒரு கம்பை நேராக நட்டு வையுங்கள். அதற்கு நிழல் இருக்காது. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பது டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. வடக்கே நகர்ந்து வரும் சூரியன் ஏப்ரல் நடுவில், சித்திரைப் பிறப்பை ஒட்டி, நம் உச்சந்தலைக்கு மேலே வந்து நிற்கிறது. ஆகஸ்ட் கடைசியில், ஆவணி மாதத்தில், தெற்கே திரும்பும்போது இன்னொரு முறை நிற்கிறது. இடைப்பட்ட நாலரை மாதமும் மத்தியான வெயில் வடக்குப் பக்கமிருந்து சாய்ந்து விழுகிறது. வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று நம்பிக் கட்டுகிறவர்கள் வைகாசியில் ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும்.

வெயில் எங்கே விழுகிறது என்று தெரிந்தால்தான் வீட்டை எங்கே பழுது பார்ப்பது என்று தெரியும். உச்சியில் நிற்கிற சூரியன் சுவரை அதிகம் தொடுவதில்லை. கூரை மேல்தான் முழுதாக இறங்குகிறது. மேற்கே நமக்கு மலை இருக்கிறது. மற்ற ஊர்களில் மேற்குச் சுவர் பொழுது அடையும்வரை காயும். நமக்கு அதற்கு முன்பே மலை மறைத்துவிடுகிறது. கூரைக்கு அப்படி ஒரு மலை இல்லை.

பழைய வீடுகளைச் சீர்செய்து மின்சாரச் செலவைக் குறைப்பது பற்றிப் பேசும்படி கேட்டார்கள். முப்பது வருடமாக வீடு கட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். இத்தனை வருடத்தில் நான் உறுதியாகக் கற்ற ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஏசி வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் தட்டட்டிக்கு ஏறிப் பாருங்கள்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். பத்துக்குப் பத்து அறை. மேலே ஐந்து அங்குல கான்கிரீட். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சித்திரை மத்தியானத்தில் அந்தத் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். அறைக்குள் 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இந்த 25 டிகிரி வித்தியாசத்தில், அந்த ஒரு அறையின் கூரை வழியாக மட்டும் சுமார் 800 வாட் வெப்பம் கீழே இறங்கும். வீட்டில் துணி தேய்க்கிற மின்சாரத் தேய்ப்புப் பெட்டி 750 வாட். அதைத் தலைகீழாகக் கூரையில் தொங்கவிட்டு மத்தியானம் முழுக்கப் போட்டு வைத்தால் என்ன சூடோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

இந்தச் சூடு உடனே தெரிவதில்லை. ஐந்து அங்குல கான்கிரீட்டைக் கடந்து வர மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் வெளியே வெயில் தணிந்து, தெருவில் காற்று வர ஆரம்பிக்கும் ஐந்தரை, ஆறு மணிக்கு வீட்டுக்குள் வேகிறது. ஒரு ஸ்டூல் போட்டு ஏறி, இரவு ஒன்பது மணிக்கு உள்பக்கக் கூரையில் கையை வைத்துப் பாருங்கள். காய்ச்சல்காரன் நெற்றியைப் போல இருக்கும். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது.

ஏசிக்கு ஒரு டன், ஒன்றரை டன் என்று கணக்குச் சொல்கிறோமே, அது ஏசியின் எடை அல்ல. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் முழுதாக உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் திறன்தான் ஒரு டன். வாட் கணக்கில் 3,500. நான்கு அறை வீட்டின் வெறும் கூரை வழியாக உச்ச வேளையில் இறங்குவது 3,200 வாட். ஆக, ஒரு டன் ஏசி அநேகமாக முழுக்க முழுக்கக் கூரைக்கே வேலை செய்து தீர்ந்துபோகும். மனிதர்களுக்கு மிச்சம் கொஞ்சம்தான்.

பனிக்கட்டி என்றதும் நினைவு வருகிறது. சென்னை மெரினா கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் பார்க்கிற கட்டடம் 1842-ல் ஐஸ் ஹவுஸாகக் கட்டப்பட்டது. பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரடெரிக் டூடர் அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனியை அறுத்து, கப்பலில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து விற்றார். 1833-ல் அவருடைய முதல் கப்பல் கல்கத்தாவுக்கு 180 டன் பனிக்கட்டியோடு புறப்பட்டது. நான்கு மாதப் பயணம். பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்ட வேண்டும். வந்து சேர்ந்தபோது 100 டன் மிச்சமிருந்தது. மின்சாரம் கிடையாது, இயந்திரம் கிடையாது. சுற்றிலும் மரத்தூள் போன்ற பொருள்களை அடைத்துச் சூட்டை உள்ளே விடாமல் வைத்திருந்தார்கள். அவ்வளவுதான். பனிக்கட்டியையே நான்கு மாதம் காப்பாற்றிய வித்தை, ஒரு பட்டாசாலையில் படுத்திருக்கிற மனிதரைப் பத்து மணி நேரம் காப்பாற்றாதா?

நம் தாத்தாக்களுக்கு அந்த வித்தை வேறு வழியில் தெரிந்திருந்தது. ஊரில் மிச்சமிருக்கும் பழைய காரை வீடுகளின் தட்டட்டியை ஓரத்தில் உடைந்த இடத்தில் உற்றுப் பாருங்கள், அடுக்கடுக்காக இருக்கும். தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் போட்டு, அதன் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாக நிறுத்திக் கோணவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அது மூன்று அங்குலம். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று, நான்கு அங்குலம். அதற்கு மேல் தட்டோடு இரண்டு வரி. எல்லாம் சேர்ந்து ஒரு சாண் கனம். இன்றைய கான்கிரீட் தளம் அதில் பாதி.

செங்கல் ஜல்லி போடுவதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பை முன்கூட்டியே நீற்றிச் சலித்து வைத்திருப்பார்கள். பொதுப்பணித் துறையின் கணக்கில் 32 பங்கு ஜல்லிக்குப் பன்னிரண்டரைப் பங்கு சுண்ணாம்பு. இந்த விகிதம் எங்கள் ஊர்க் கொத்தனார்கள் வாயில் எழுத்து மாறாமல் வரும். பரப்பிய பிறகு சித்தாள்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, தட்டுப் பலகையால் அடித்துக்கொண்டே பின்னால் நகர்வார்கள். இடையிடையே கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் தெளிப்பார்கள். பலகை பட்டதும் தெறித்துத் திரும்பும்வரை, ஒருநாள் இரண்டு நாள் அல்ல, பல நாள் அடிப்பார்கள். அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். அடிப்பது நின்ற பிறகு பத்து நாளாவது ஈரச் சாக்கு போட்டு வைப்பார்கள்.

பழையது என்பதற்காக மட்டும் நான் அதைப் புகழ மாட்டேன். சுண்ணாம்பு ஜல்லி தெர்மாகோல் போலச் சூட்டை நிறுத்திவிடாது. அந்த ஒரு சாண் தளம், வெறும் ஐந்து அங்குல கான்கிரீட்டைவிட மூன்றில் ஒரு பங்குதான் குறைவாகச் சூட்டை விடும். ஆனால் விடுகிறதையும் ஏழெட்டு மணி நேரம் தாமதமாக விடும். மத்தியானச் சூடு உள்ளே வந்து சேர இரவு ஒன்பது ஆகும். அப்போது வீட்டில் யார் இருந்தார்கள்? ஆண்கள் தட்டட்டியிலும் தெருத் திண்ணையிலும், பெண்களும் குழந்தைகளும் முற்றத்திலும் தார்சாவிலுமாகப் பாயை விரித்திருப்பார்கள். அந்த வீடும் அந்த வாழ்க்கையும் ஒன்றுக்கொன்று பொருந்தி இருந்தன. இன்றைக்குக் கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு உள்ளே படுக்கிறோம். அதனால் பழைய தளம் மட்டும் நமக்குப் போதாது. அதைப் புரிந்துகொள்ளாமல் பழைய மாதிரியே கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக் காசு வாங்குவது நியாயம் ஆகாது.

இப்போது என் தவறைச் சொல்ல வேண்டும்.

படித்து முடித்து நான்கைந்து வருடம் ஆகியிருந்த சமயம். எங்கள் வீட்டுத் தட்டட்டியில் தென்மேற்கு மூலையில் ஐப்பசி மழைக்கு ஒழுகியது. ஏறிப் பார்த்தேன். தட்டோடு நான்கைந்து விரிந்திருந்தது; ஓர் ஓட்டின் இடுக்கில் ஆலங்கன்று முளைத்திருந்தது. அந்த இடத்தை மட்டும் பிரித்து, வேரை எடுத்து, சுண்ணாம்பு வைத்து அடைத்திருந்தால் நான்கு நாள் வேலை. நான் படித்தவன் அல்லவா. சுண்ணாம்பு ஜல்லி எல்லாம் வீண் பாரம் என்று எனக்குத் தோன்றியது. மொத்தத்தையும் கொத்தி எடுக்கச் சொன்னேன். வேலைக்கு வந்த வயதான கொத்தனார், “தம்பி, இது நல்லாத்தான் இருக்கு” என்று இரண்டு தடவை சொன்னார். கேட்கவில்லை. மூன்று நாளாகக் கூடை கூடையாகக் கீழே இறங்கியது. இரண்டு அங்குல சிமெண்ட் கான்கிரீட் போட்டு, மேலே வழவழவென்று பூசினோம். ஒழுகல் நின்றது.

அடுத்த சித்திரையில் அம்மா பட்டாசாலையில் படுக்க முடியவில்லை. “மேல அடுப்பு வச்ச மாதிரி இருக்குய்யா” என்று சொன்னாள். என்னைக் குறை சொல்லவில்லை. வயதானவளுக்குத் தோன்றுகிறது என்று நினைத்தேன். இரண்டு வருடத்தில் பூச்சு சிலந்திவலை போல வெடித்தது. பகலில் விரிந்து இரவில் சுருங்குகிற சிமெண்டுக்குக் கீழே, அதே மாதிரி அசையாத மரமும் சுண்ணாம்பும் இருந்தன. வெடிப்பில் இறங்கிய தண்ணீர் மேலே ஆவியாகப் போக வழியில்லாமல் தேக்குக் கட்டையின் தலைப்பில் தங்கியது. சுவருக்குள் புதைந்திருந்த அந்தத் தலைப்பை ஒருநாள் உளியால் குத்தியபோது, ஊறிய ரொட்டி மாதிரி உள்ளே போனது. எண்பது வருடம் ஒன்றும் ஆகாமல் இருந்த மரம். அதற்குள் வீட்டில் ஏசியும் வந்துவிட்டது. நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

பிற்பாடு படிக்கும்போது, இதே தவறை இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. 1919-க்கு முன் கட்டிய வீடுகள் அங்கே பெரும்பாலும் ஒற்றைக் கனச் செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து. என் அக்காள் மகன் லண்டனில் அப்படி ஒரு வீட்டில்தான் குடியிருக்கிறான். ஜனவரி மாதத்தில் போன் செய்தால் குளிரைப் பற்றித்தான் பேசுவான். ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். சூடு சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் வெளியே போய்க்கொண்டே இருக்கும். நமக்குச் சூடு உள்ளே வருகிறது, அவர்களுக்கு வெளியே போகிறது. இரண்டும் ஒரே கணக்குதான். அந்த மாதிரிச் சுவர்களைச் சூடு தங்கட்டும் என்று சிமெண்டாலும் காற்றுப் புகாத பூச்சாலும் மூடியபோது, உள்ளே ஈரம் சிறைப்பட்டுப் பூசணம் பிடித்தது. பழைய கட்டடங்களைக் காப்பதற்காக வில்லியம் மோரிஸ் 1877-ல் தொடங்கிய சங்கம் இன்றைக்கும் சொல்லிவருவது இதைத்தான்: சுண்ணாம்புக் கட்டடம் மூச்சு விட வேண்டும், வெப்பத் தடுப்பு வையுங்கள், மூச்சை அடைக்காதீர்கள்.

குளிர்நாட்டுக்காரர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் பொருள்களை அல்ல, அவர்கள் கற்ற வரிசையை. 1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் ஜெர்மனி விழித்துக்கொண்டது. 1977 நவம்பரிலிருந்து புதிதாகக் கட்டுகிற வீட்டுக்கு வெப்பத் தடுப்பு கட்டாயம் என்று விதி வந்தது. 1991-ல் டார்ம்ஸ்டாட் நகரத்தில் நான்கு வரிசை வீடுகளில் குடியேறினார்கள். அந்த நாட்டுச் சாதாரண வீட்டுக்கு ஆகிற சூடேற்றும் செலவில் பத்தில் ஒரு பங்குதான் அங்கே ஆனது. அங்கே பெரிய இயந்திரம் ஒன்றும் வைக்கவில்லை. முதலில் கூரை, பிறகு சந்து பொந்துகள், பிறகு சுவர், பிறகு கண்ணாடி, கடைசியில்தான் ஹீட்டர். வீட்டைச் சரிசெய்தபின் தேவைப்படும் ஹீட்டர் மிகச் சிறியது என்று கண்டார்கள். நாம் இங்கே இயந்திரத்தை முதலில் வாங்குகிறோம். நம் ஊரிலிருந்தும் கடையநல்லூர்ப் பக்கமிருந்தும் வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்துவிட்டு வருகிறவர்கள் ஆசையோடு வீடு கட்டும்போது நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது, இரண்டாவது ஏசிக்கு வைத்திருக்கிற பணத்தைத் தட்டட்டிக்குத் திருப்புங்கள் என்பதுதான்.

சரி, என்ன செய்யலாம்?

முதல் வேலை வெள்ளை. கறுத்துப்போன பழைய கான்கிரீட் தன் மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். புதிதாக அடித்த சுண்ணாம்பு வெள்ளை முக்கால் பங்கை வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். பங்குனி பிறந்ததும் தட்டட்டியைக் கழுவிக் காயவிட்டு, சுண்ணாம்போடு கொஞ்சம் பசை கலந்து இரண்டு கை அடித்தால் போதும். கடையில் கூல் ரூஃப் பெயிண்ட் என்று விற்பது இன்னும் நாலைந்து வருடம் கூடுதலாகத் தாங்கும், விலையும் கூடுதல். எதுவானாலும் தூசியும் பாசியும் படிந்தால் பலன் குறையும். ஆனி, ஆடிக் காற்றில் நம் ஊரில் பறக்கிற புழுதிக்கு வருடம் ஒருமுறை கழுவித்தான் ஆக வேண்டும். அகமதாபாத்தில் 2010 மே மாத வெயிலில் வழக்கத்தைவிட 1,300-க்கு மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். அதன் பிறகு 2013-ல் அந்த நகரம் தெற்காசியாவிலேயே முதலாவதாக வெப்பச் செயல் திட்டம் வகுத்தது. பின்னால் ஏழை மக்களின் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் வேலையையும் கையில் எடுத்தது. வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறையும் என்பது அவர்கள் அனுபவம். ஒரு வாளிச் சுண்ணாம்பு இவ்வளவு செய்யும்போது அதைச் செய்யாமல் இருக்க நமக்கு எந்தக் காரணமும் இல்லை.

இரண்டாவது, தடுப்பு. கான்கிரீட் தளத்துக்கு மேலே இரண்டு அங்குல நுரைப் பலகை பதித்து, அதன் மேல் சுருக்கியும் தட்டோடும் போட்டால், இறங்குகிற சூடு ஆறில் ஒரு பங்காகிவிடும். கடைக்காரர்கள் எக்ஸ்பிஎஸ் போர்டு என்று சொல்வார்கள். தெர்மாகோலுக்கு உறவு, ஆனால் மிதித்தால் நசுங்காது. இதைக் கட்டாயம் மேலேதான் போட வேண்டும். பலர் உள்பக்கம் தெர்மாகோலை வைத்து ஃபால்ஸ் சீலிங் அடித்துவிடுகிறார்கள். அதில் அறைக்குச் சூடு குறையும், உண்மைதான். ஆனால் தளம் வெயிலில் முழுச் சூட்டையும் தாங்கி விரிந்து சுருங்கி வெடிக்கும். தெர்மாகோல் தீப்பிடித்தால் வருகிற புகை ஆளைக் கொன்றுவிடும். அதன் ஊடாக ஒயரும் ஓடுகிறது. மேலே போட்டால் தளத்துக்குக் குடை பிடித்த மாதிரி.

தடுப்பு போட்ட வீட்டில் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். பகலில் சன்னல்களைச் சாத்தி, திரையை இறக்கிவிடுங்கள். பொழுது சாய்ந்ததும் எதிரெதிர் சன்னல்களைத் திறந்துவிடுங்கள். தடுப்பு இரண்டு பக்கமும் தடுக்கும். சமையல் சூடும் ஆள் சூடும் ராத்திரி வெளியே போக வழி வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று நமக்குக் கிடைத்த வரம். சங்கரன்கோவில் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று, நம் சன்னல் கொண்டியைத் திறந்தால் உள்ளே வரும்.

சீமை ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான்: இறவாரத்து இடைவெளியைச் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள், பழைய மச்சு இருந்தால் பிரிக்காதீர்கள். ஓட்டுக்கும் அறைக்கும் நடுவில் பலகை போட்டு மேலே மண் பரப்பிய அந்த மச்சு சாமான் போடுவதற்காக மட்டும் வந்தது அல்ல.

தட்டட்டிக்கு மேலே இரும்புத் தூண் நிறுத்தி ஷீட் போடுகிற வழக்கம் இப்போது எல்லாத் தெருவிலும் வந்துவிட்டது. அது நல்ல வேலைதான். நாலு பக்கமும் திறந்திருந்தால். சுற்றி அடைத்து அறையாக்கினால் அந்தச் சூடு அங்கேயே நின்று கீழே இறங்கும். ஷீட்டுக்குப் பதிலாகச் சூரிய மின்தகடு வைக்க வசதி இருப்பவர்கள் 2024-ல் வந்த மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். கரண்டும் வரும், தளத்துக்கு நிழலும் வரும்.

எனக்கு அதிகம் உறுத்துவது இவை எதுவும் செய்ய முடியாத வீடு. நம் பக்கத்தில் பீடி சுற்றுகிற பெண்கள் வீட்டில்தான் வேலை செய்கிறார்கள். சிமெண்ட் ஷீட் போட்ட சாய்ப்பு. கனம் கால் அங்குலம்கூட இருக்காது. ஒருநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு அப்படி ஒரு வீட்டில் ஓர் அம்மா மடியில் முறத்தை வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே ஃபேன் இருக்கிறது, ஆனால் ஓடவில்லை. “போட்டா தூளு பறக்கும்லா” என்றார். நெற்றி வேர்வை இலையில் விழாமல் முந்தானையை நெற்றியில் சுற்றிக் கட்டியிருந்தார். அது வாடகை வீடு. வேகிறவர் அவர், ஷீட் வேறொருவருடையது. வீட்டுக்காரருக்கு அந்தச் சூடு தெரியப் போவதில்லை. குடியிருப்பவர் அடுத்த வருடம் அங்கே இருப்பாரா என்பது தெரியாது. இரண்டு பேரும் சுண்ணாம்புக்குக் காசு போட மாட்டார்கள். அந்த ஷீட்டின் மேல் வெள்ளையடித்து, உள்ளே ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் தட்டி கட்டினால் அந்த அம்மாவின் மத்தியானம் மாறிவிடும். ஷீட் பழைய ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் துளை போடாமல், தேய்க்காமல், தண்ணீர் ஊற்றிக் கழுவித்தான் அடிக்க வேண்டும். அந்தத் தூசு நுரையீரலுக்கு விஷம்.

சட்டம் இவர்களை எட்டவில்லை. 2018-ல் மத்திய மின்துறை எகோ நிவாஸ் சம்ஹிதா என்று வீடுகளுக்கான விதித்தொகுப்பை வெளியிட்டது. ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் கூரை 1.2 வாட்டுக்கு மேல் சூட்டை விடக் கூடாது என்பது அதில் உள்ள நல்ல விதி. நம் வெறும் கான்கிரீட் தளம் 3 வாட்டுக்கு மேல் விடுகிறது. ஆனால் அந்தத் தொகுப்பு 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனையில் புதிதாக எழும் குடியிருப்புகளுக்காக வந்தது. நம் தெருக்களில் அவ்வளவு பெரிய மனை எத்தனை இருக்கும்? ஏற்கெனவே கட்டி முடித்த வீடுகள் அதில் வரவே இல்லை. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஆணையிட்டது. வரவேற்கிறேன். ஆள் இறப்பதற்கு முன்னால் அவர் கூரைக்கு ஒரு வாளி வெள்ளை கொடுக்கவும் அதே அக்கறையோடு ஓர் ஆணை வேண்டும். தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்து, 2028-க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரையை மாற்றுவதாக இலக்கு வைத்தது. நம் நகராட்சி ஒரு வார்டில் தொடங்கினாலே போதும்.

2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அன்று மத்தியானம் இந்த மாநிலத்தின் கூரைகள் எல்லாம் வெள்ளையாக இருந்திருந்தால் எத்தனை மெகாவாட் குறைந்திருக்கும் என்று அடிக்கடி யோசிக்கிறேன்.

எங்கள் வீட்டு விஷயத்தை முடித்துவிடுகிறேன். சிமெண்ட் பூச்சை எடுத்தோம். இற்றுப்போன இரண்டு கட்டைகளை மாற்றினோம். மறுபடி செங்கல் ஜல்லி, மறுபடி சுண்ணாம்பு, மேலே வெளிர்நிறத் தட்டோடு. மூச்சு விடுகிற தளம் என்பதால் நுரைப் பலகை வைக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தட்டட்டியின் பாதிக்கு மேல் திறந்த பந்தல் போட்டிருக்கிறோம். ஏசி இன்றும் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் ராத்திரி இரண்டு மூன்று மணி நேரம், 24 டிகிரிக்குக் கீழே போகாமல் ஓடும். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஆறு சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. 2020 முதல் விற்கிற ஏசிகள் எல்லாம் 24-ல்தான் ஓடத் தொடங்குகின்றன. அம்மா இருந்தவரை எங்கள் ஏசியைப் போடவிடவில்லை. கடைசி இரண்டு கோடைகள் பட்டாசாலையில்தான் படுத்தாள்.

ஜல்லி அடிக்கத் தெரிந்த சித்தாள்கள் இப்போது சுற்றுவட்டாரத்தில் நாலைந்து பேர்தான் இருக்கிறார்கள். எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. வருகிற தை மாதம் நம் ஊரில் ஒரு பழைய வீட்டுத் தட்டட்டியில் அவர்களை வைத்து வேலை தொடங்கப் போகிறோம். இங்கே வந்திருக்கிற பாலிடெக்னிக், இன்ஜினியரிங் மாணவர்கள் பார்க்க மட்டும் அல்ல, பலகை பிடித்து அடிக்கவும் வரலாம். வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். காலை ஆறரை மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் சுண்ணாம்பு சீக்கிரம் காய்ந்துவிடும், அந்த அம்மாக்களுக்கும் முடியாது. பழைய துணி உடுத்தி வாருங்கள்.